கைஜி இரண்டாவது சீசன், முதல் எபிசோட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரிடமாவது கைஜி என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்க்கச் சொன்னால், பத்து நாள் கழித்து அவர்களிடமிருந்து கேள்விகள் வரும். அதிலும் இரண்டாவது சீசனின் முதல் எபிசோடைப் பார்த்த இரவில் வரும் கேள்விகள்தான் அதிகம். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். முதல் சீசன் எப்படி முடிகிறது என்பது இதில் வரும். அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றால் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். இரண்டாவது சீசனின் முடிவை எங்கேயும் சொல்லவில்லை.

முதலில், இது எந்தத் தொடர்?

ஃபுகுமோட்டோ நோபுயுகி வரைந்த சூதாட்ட மங்காவின் (ஜப்பானியப் படக்கதை) அனிமே வடிவம். மங்கா 1996இல் கோதன்ஷா நிறுவனத்தின் யங் மேகசின் வார இதழில் தொடங்கியது. மேட்ஹவுஸ் ஸ்டுடியோ எடுத்த முதல் சீசன் 2007 அக்டோபரில் வந்தது, 26 எபிசோட். இரண்டாவது சீசன் 2011 ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடிந்தது, அதுவும் 26தான். இரண்டுக்கும் இயக்குநர் சாட்டோ யூசோ. மங்காவின் இரண்டாம் பாகமான 13 தொகுதிகள்தான் இந்த சீசனுக்குக் கதை.

முதல் சீசனைப் பார்க்காமல் நேராக இதைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், புரியும். ஆனால் பார்க்காதீர்கள். கைஜி எவ்வளவு தூரம் ஏறி, எங்கிருந்து விழுந்தான் என்று தெரிந்தால்தான் இந்த எபிசோடின் கனம் தெரியும்.

அவசரத்துக்குச் சுருக்கம் இதோ. இடோ கைஜி வேலை வெட்டி இல்லாத இளைஞன். கூட வேலை பார்த்தவன் வாங்கிய 3 லட்சம் யென் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறான். அவன் ஓடிவிட, வட்டி குட்டி போட்டு 38 லட்சத்து 50 ஆயிரமாக எண்டோ என்ற வசூல்காரர் மூலம் இவன் தலையில் வந்து விழுகிறது. கடனை அடைக்க ஒரு கப்பலில் சூதாடுகிறான். அப்புறம் உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஓர் இரும்புச் சட்டத்தின் மேல் நடக்கிறான். பேரரசன், குடிமகன், அடிமை என மூன்று வகைச் சீட்டுகளில் ஒரு பெரிய மனிதரை வீழ்த்துகிறான். அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போகாமல் டெய்-ஐ என்ற கந்துவட்டிச் சாம்ராஜ்யத்தின் தலைவர் ஹியோடோவிடமே மோதி, ஜெயித்த 2 கோடி யென்னையும் நான்கு விரல்களையும் இழக்கிறான். விரல்களை ஆஸ்பத்திரியில் ஒட்டவைத்துவிட்டார்கள். தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

இந்த எபிசோடில் என்னதான் நடக்கிறது?

கையில் காசில்லாத கைஜி எண்டோவிடம் போய் நிற்கிறான். இன்னொரு சூதாட்டத்துக்கு வழி காட்டுங்கள் என்று கெஞ்சுகிறான். எண்டோ அவனைக் காரில் ஏற்றிக்கொள்கிறார். கண் விழித்துப் பார்த்தால் பூமிக்கடியில் இருக்கிறான்.

அது டெய்-ஐ நடத்தும் ரகசிய வேலைக்களம். உலகம் அணுகுண்டில் அழிந்தாலும் ஹியோடோ ஒருவர் சொகுசாக வாழ்வதற்கு ஒரு நிலவறை நகரம் அங்கே தோண்டப்படுகிறது. தோண்டுகிறவர்கள் கடனைத் திருப்பித் தர முடியாதவர்கள். வெயில் கிடையாது. புழுதி நெஞ்சை அடைக்கிறது. கடன் கழியப் பல வருஷம் ஆகும், அதற்குள் உடம்பு தாங்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மாதம் கழித்து முதல் சம்பளம் வருகிறது. கைஜி ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். அந்தக் கணக்கு எப்படிக் குலைகிறது என்பதுதான் மீதிக் கதை.

பெரிகா என்பது என்ன?

அந்த நிலவறைக்குள் மட்டும் செல்லும் பணம். 10 பெரிகா சேர்ந்தால் 1 யென். நோட்டில் ஹியோடோவின் முகம்.

ஒரு நாள் கூலி 3,500 பெரிகா. மாதத்துக்கு 91,000. கேட்கும்போது பெரிய தொகையாகத் தெரியும். பத்தால் வகுத்துப் பாருங்கள், 9,100 யென். ஜப்பானில் ஒருவர் சாதாரண பகுதிநேர வேலையில் ஓரிரு நாளில் சம்பாதித்துவிடும் காசு. அதற்கு ஒரு மாதம் மண் சுமக்கிறார்கள்.

ஒரு பீர் கேன் 5,000 பெரிகா. அதாவது நாள் முழுக்க உழைத்தாலும் ஒரு கேன் வாங்கக் காணாது. நிலவறையை விட்டு ஒரே ஒரு நாள் வெளியே போய்வர அனுமதிச் சீட்டு இருக்கிறது, விலை 5 லட்சம் பெரிகா. ஒரு காசுகூடத் தொடாமல் சேர்த்தால் ஆறாவது மாதச் சம்பளத்தில் வாங்கலாம். அப்படி வாங்கி, அந்த ஒரு நாளில் வெளியே சூதாடி மொத்தக் கடனையும் அடைப்பதுதான் கைஜியின் கணக்கு. கணக்கில் தப்பில்லை. நடுவில் ஆறு மாத வெக்கை இருப்பதை மட்டும் அவன் எழுதவில்லை.

அந்த பீர் காட்சியை ஏன் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்?

அது அவ்வளவு நல்ல காட்சி என்பதால்தான். நிதானமாகவே சொல்கிறேன்.

சம்பள நாள் மாலை. குழுத்தலைவர் ஓட்சுகி தன் தள்ளுவண்டிக் கடையைத் திறக்கிறார். பீர், சிப்ஸ், சுட்ட கோழி எல்லாம் இருக்கிறது. மற்றவர்கள் மொய்க்கிறார்கள். கைஜி பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்குகிறான். ஓட்சுகி அவனிடம் வந்து ஒரு கேனை நீட்டுகிறார். காசு வேண்டாம், முதல் சம்பளம் அல்லவா, என் அன்பளிப்பு என்கிறார்.

அப்புறம் கேமரா அந்த கேனை விட்டு நகர்வதே இல்லை. ஈரம் படிந்த தகரம். திறக்கும் சத்தம். முதல் மடக்கு தொண்டையில் இறங்குகிறது. கைஜி அழுகிறான். ஜில்லென்று இருக்கிறதே என்கிறான், உடம்புக்குள் ஊறுகிறதே என்கிறான், இவ்வளவு ருசி ஒரு குற்றம் என்கிறான். ஒரு மாதம் கழித்துக் குடிக்கும் முதல் பீர். ஒரு சாதாரண கேனுக்கு இத்தனை வர்ணனையா என்று முதலில் சிரிப்பு வரும். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிடும். அந்த மாதிரி வெக்கையில் வேலை பார்த்த யாருக்கும் அந்தத் தொண்டை என்ன கேட்கும் என்று தெரியும்.

கவனித்துப் பாருங்கள், கைஜி அந்த நிமிஷம் வரை எந்தத் தப்பும் செய்யவில்லை. காசை எடுக்கவில்லை, கணக்கை மீறவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்துவிட்டது. மறுபடி எப்போது என்று உடம்பு கேட்க ஆரம்பித்துவிட்டது. தூண்டிலில் இருப்பது இலவசம்தான், மீனும் காசு கொடுத்தா விழுங்குகிறது?

எனக்கு முதல் சம்பளம் வந்த நாள் நினைவுக்கு வரும். வீட்டுக்கு இவ்வளவு, சேமிப்புக்கு இவ்வளவு என்று பஸ்ஸிலேயே ஒரு தாளில் எழுதினேன். இறங்கியதும் கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர் ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அவர் நல்ல மனசோடுதான் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அடுத்த நாள் நானே போய் வாங்கினேன், அதற்கடுத்த நாளும். அந்தத் தாள் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"ஆசையை அவிழ்த்துவிடத் தெரியவில்லை" என்று ஓட்சுகி சொல்வது எங்கே வருகிறது?

இலவச பீருக்குப் பிறகு. கைஜி மனசு தாங்காமல் காசு கொடுத்து வாங்க வருகிறான். ஆனாலும் கொஞ்சம் கட்டுப்பாடு மிச்சம் இருக்கிறது. விலை குறைந்த நொறுக்குத்தீனியோடு நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறான். ஓட்சுகி விடவில்லை. நீ இதில் ரொம்பக் கத்துக்குட்டியப்பா என்கிறார் சிரித்துக்கொண்டே. உனக்கு உண்மையில் வேண்டியது அந்தச் சுட்ட கோழிதானே, அதைச் சுடச்சுட வைத்துக்கொண்டு சில்லென்ற பீரோடு சாப்பிட வேண்டும் என்பதுதானே உன் ஆசை, அதை விட்டுவிட்டு இதைத் தின்றால் ஏக்கம் தீருமா, தீராத ஏக்கத்தோடு எப்படிச் சேமிப்பாய் என்கிறார். இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, சேமிப்பை அடுத்த முறையிலிருந்து ஒழுங்காகப் பார்த்துக்கொள் என்று முடிக்கிறார்.

இந்த வசனத்தில் எனக்குப் பயம் தருவது எது தெரியுமா? அதில் பாதி உண்மை. ஏக்கத்தோடு கட்டும் பட்டினி நிலைக்காது என்று எந்த டாக்டரும் சொல்வார். அந்தப் பாதி உண்மையைக் கொண்டுதான் மீதிப் பொய்யை விற்கிறார்.

ஓட்சுகி வில்லனா, நல்லவரா?

வில்லன்தான், சந்தேகம் வேண்டாம். ஆனால் கத்துவதில்லை, அடிப்பதில்லை. "கைஜி குன்" என்று செல்லமாகக் கூப்பிடுவார். தன் ஆட்களின் பலவீனம் ஒவ்வொன்றும் அவருக்கு அத்துபடி. அவரும் கடன்பட்டுக் கீழே வந்தவர்தான். மேலே இருப்பவர்கள் தருகிற கூலியைக் கீழே இருப்பவர்களிடமிருந்து திரும்ப உறிஞ்சி, அதில் தனக்கு விடுமுறை வாங்கிக்கொள்கிறார். பெரிய முதலாளி ஹியோடோவை விட இவர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். கூடவே உட்கார்ந்து சாப்பிட்டு ஏமாற்றுகிறார் இல்லையா.

குரல் கொடுத்தவர் சோ. ஒன் பீஸ் பார்ப்பவர்களுக்கு அவர் புரூக். இவ்வளவு இனிப்பான குரலை இந்த ஆளுக்குக் கொடுத்தது சரியான முடிவு.

சூதாட்ட அனிமே என்றார்கள், இதில் சூதாட்டத்தையே காணோமே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு சந்தோஷம். ஏனென்றால் என் கட்சியே இதுதான்: இந்தத் தொடரில் சூதாட்டத்தை மிகச் சரியாகக் காட்டும் எபிசோட் இது. பகடையும் இல்லை, சீட்டும் இல்லை, ஆனால் ஒரு சூதாடி உருவாகும் விதம் அப்படியே இருக்கிறது. முதலில் ஒரு இலவசம். அடுத்து சின்னதாக ஒன்று. பிறகு "இன்றைக்கு மட்டும்". கை காலியான பிறகு, விட்டதைப் பிடிக்க ஒரு வழி. அந்த வழியையும் கடைக்காரரே வைத்திருக்கிறார்.

சேமிப்புக் கரைந்தவனுக்கு அடுத்த சம்பளத்திலிருந்து முன்பணம் தருபவர் ஓட்சுகி. பகடை ஆட்டத்தை நடத்துபவரும் ஓட்சுகி. அவரிடம் முன்பணம் வாங்கிச் சிக்கியவர்களுக்கு மாதம் 45,000 சொச்சம்தான் கைக்கு வரும். அவர்களை "45 கோஷ்டி" என்று மற்றவர்கள் ஏளனமாகக் கூப்பிடுகிறார்கள். கைஜி அந்தக் கோஷ்டிக்குப் போய்ச் சேரும் பாதை இந்த பீரில்தான் தொடங்குகிறது.

அடுத்து வரும் பகடை ஆட்டத்தின் விதிகளை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

சொல்லலாம். பெயர் சிஞ்சிரோரின். கிண்ணத்தில் பகடை விழும் ஓசையிலிருந்து வந்த பெயர். நீங்களே மூன்று பகடையை ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள், பெயர் காதில் விழும்.

மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். இரண்டு ஒரே எண்ணாக வந்தால் மூன்றாவது எண்தான் உங்கள் மதிப்பு. 2, 2, 5 வந்தால் உங்களுக்கு 5. 4-5-6 வந்தால் இரட்டிப்பு வெற்றி. 1-2-3 வந்தால் இரட்டிப்பு நஷ்டம். மூன்றும் ஒன்றுபோல வந்தால் மூன்று மடங்கு, அதிலும் மூன்றும் 1 என்றால் ஐந்து மடங்கு. ஒன்றும் சேராவிட்டால் மூன்று முறை வரை உருட்டலாம். பகடை கிண்ணத்தைத் தாண்டி வெளியே விழுந்தால் அந்த நொடியே தோல்வி.

ஒரு கணக்கு மட்டும் மனசில் வையுங்கள், பின்னால் உதவும். 216 விதமாக விழலாம். அதில் 4-5-6 விழுவது 6 விதம், அதாவது 36க்கு ஒரு தடவை. யாராவது முக்கியமான நேரத்திலெல்லாம் அதைப் போட்டுக்கொண்டே இருந்தால் என்ன நினைக்க வேண்டும் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இப்படிப்பட்ட இடங்கள் நிஜமாக இருந்தனவா?

நிலவறை நகரம் கற்பனை. ஆனால் அடியில் இருக்கும் விஷயம் கற்பனை இல்லை. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோவில் மெய்ஜி காலம் (19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி) தொட்டு சாலைக்கும் ரயில்பாதைக்கும் சுரங்கத்துக்கும் ஆள் பிடித்தார்கள். முன்பணம் கொடுத்து, அது கழியும் வரை பூட்டி வைத்து வேலை வாங்கினார்கள். அந்தக் கொட்டடிகளுக்கு "தாகோ பேயா", அதாவது ஆக்டோபஸ் அறை என்று பெயர். பானைக்குள் நுழைந்த ஆக்டோபஸ் வெளியே வர முடியாததைப் போல என்று ஒரு விளக்கம் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகுதான் அது ஒழிந்தது.

நமக்கும் இது புதிதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களின் கடனை எழுதி வைத்த சீட்டுக்குத் "துண்டு" என்று பெயர். கடனை அடைக்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்த முறையை 1921இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இந்தியாவில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976இல். அதற்குப் பிறகும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்களை மீட்டிருக்கிறார்கள். பெரிகா நோட்டைப் பார்த்ததும் எனக்கு ஜப்பான் நினைவுக்கு வரவில்லை, அந்தத் துண்டுதான் வந்தது.

மூன்று லட்சம் எப்படி முப்பத்தெட்டரை லட்சம் ஆகும்? ஜப்பானில் சட்டமே இல்லையா?

இருந்தது, ஓட்டையோடு. வட்டி உச்சவரம்பு என்று ஒரு சட்டம் 15 முதல் 20 சதவீதம் வரை சொன்னது. தாண்டினால் சிறை என்று சொன்ன இன்னொரு சட்டத்தின் எல்லை அதைவிட மேலே இருந்தது. கதை நடக்கும் 1990களில் அது 40 சதவீதத்தைத் தொட்டது, 2000இல் 29.2 ஆகக் குறைத்தார்கள். இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருந்த இடத்துக்குச் சாம்பல் மண்டலம் என்று பெயர். கடன் கம்பெனிகள் அங்கேதான் கொழுத்தன. 2010 ஜூனில் சட்டம் முழுமையாக மாறி அந்த இடைவெளி அடைபட்டது. அடுத்த வருஷமே இந்த சீசன் வந்தது. டெய்-ஐ வாங்கும் வட்டி எந்தச் சட்டத்துக்கும் அடங்காதது, அது வேறு.

எல்லோருக்கும் மூக்கு ஏன் கத்தி மாதிரி இருக்கிறது? பின்னணியில் "சாவா சாவா" என்று ஏதோ கேட்கிறதே?

ஃபுகுமோட்டோவின் கோடு அப்படி. நான்கு எபிசோடில் பழகிவிடும். "சாவா சாவா" என்பது கூட்டத்தின் சலசலப்பு, மனசுக்குள் எழும் கலக்கமும் அதுதான். மங்காவில் எழுத்தாக மிதப்பதை அனிமேயில் குரலாக ஆக்கியிருக்கிறார்கள்.

கைஜிக்குக் குரல் கொடுத்தவர் உண்மையிலேயே சூதாடுகிறவரா?

ஹாகிவாரா மசாட்டோ. நடிகர். இதே ஃபுகுமோட்டோவின் மாஜோங் (கட்டைகளை வைத்து நான்கு பேர் ஆடும் ஆட்டம்) கதையான அகாகியிலும் நாயகனுக்குக் குரல் இவர்தான், அது 2005. மாஜோங் ஆட்டத்தில் இவருக்குப் பித்து. 2018இல் தொழில்முறை ஆட்டக்காரராகவே மாறி, அந்த வருஷம் தொடங்கிய எம் லீக் என்ற மாஜோங் போட்டித் தொடரில் ஆட வந்துவிட்டார். பீர் காட்சியில் அவர் மூச்சு வாங்குவதை ஹெட்போனில் கேளுங்கள். கதைசொல்லியின் குரல் டாச்சிகி ஃபுமிஹிகோ, எவாஞ்செலியன் அனிமேயில் கெண்டோ இகாரியாகப் பேசியவர்.

தொடக்கப் பாட்டு காதைக் கிழிக்கிறதே, தாண்டிவிடலாமா?

ஃபியர் அண்ட் லோதிங் இன் லாஸ் வேகாஸ் என்ற ஜப்பானியக் குழுவின் பாட்டு. முதல் சீசன் பாட்டு போல உடனே ஒட்டாது. ஒரு வாரம் கொடுங்கள்.

2009இல் வந்த திரைப்படத்திலும் இந்தக் காட்சி உண்டாமே?

உண்டு. ஃபுஜிவாரா தாட்சுயா கைஜியாக நடித்தார். அவர் பீர் குடித்துவிட்டுக் கத்துவதை ஜப்பானில் மிமிக்ரி கலைஞர்கள் இன்றுவரை செய்கிறார்கள். படத்தில் நேரம் குறைவு, நிலவறைப் பகுதி வேகமாக ஓடிவிடும். எனக்கு அனிமேதான். அந்த கேன் முன்னால் அவ்வளவு நேரம் நிற்க ஒரு தொடரால்தான் முடியும்.

ககேகுருயி பிடித்தவருக்கு இது பிடிக்குமா?

ககேகுருயி இன்னொரு சூதாட்ட அனிமே, அதன் இரண்டாவது சீசன் 2019 ஜனவரியில் வந்தது. அங்கே சூதாட்டம் ஒரு பரவசம், ஆடுகிறவர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். இங்கே 5,000 பெரிகாவுக்குக் கை நடுங்கும். இரண்டையும் ஒரே மனசோடு பார்க்க உட்காராதீர்கள்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். ரத்தம் இந்த எபிசோடில் குறைவு, ஆனால் குடியும் அடிமை வேலையும்தான் கதை. பதினாறு பதினேழு வயசுப் பையன் போனில் பந்தய ஆப் திறந்து வைத்திருந்தால் மட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் போட்டுக் காட்டுவேன்.

இது பிடித்தது. அடுத்து?

பகடை ஆட்டம் முடிந்த பிறகு கதை ஒரு பச்சிங்கோ இயந்திரத்துக்கு, அதாவது சின்ன உலோகக் குண்டுகளை விட்டு ஆடும் சூதாட்ட இயந்திரத்துக்குப் போகும். பெயர் "சதுப்பு". உள்ளே போடும் ஒரு குண்டுக்கு 4,000 யென். அதோடு இந்த சீசன் முடியும், நடுவில் நிறுத்த இடமே கிடைக்காது.

ஓட்சுகியை மறக்க முடியாதவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது. அவர் அந்த ஒரு நாள் அனுமதிச் சீட்டோடு வெளியே வந்து என்னென்ன சாப்பிடுகிறார் என்பதற்கே ஒரு தனி மங்கா இருக்கிறது. முதல் சீசனில் கைஜி சீட்டில் வீழ்த்திய அந்தப் பெரிய மனிதர் டோனெகாவாவை வைத்து 2018இல் வந்த அனிமேயின் நடுவிலும் அந்தக் கதைகள் சில வரும். அதில் ஓட்சுகி ஊர் ஊராகத் திரிந்து சாப்பிடும்போது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ரசித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சீட்டின் விலை எத்தனை பேருடைய பீர் காசு என்று ஞாபகம் வந்ததும் அந்தச் சோறு எனக்கு இறங்காது.